ஏட்டண்ணாவியாரும் இணையப்பக்கமும்



மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, ஞாயிறு எழும் பக்கத்திலுள்ள நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே ஞாயிறு படும் பக்கத்திலுள்ள நிலத்தைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் வழங்கினர். எழுவான்கரையில் கடலும் கடைத்தெருவும் கந்தோரும் உள்ளன. படுவான்கரையில் வயலும் குளமும் மாட்டுப் பட்டியும் உள்ளன. இடையே கிடப்பது நீர். அந்நீரைக் கடப்பதற்குத் துறைதோறும் ஓடிய மிதவையை இப்பகுதி மக்கள் 'பாதை' என்றே அழைத்தனர். மண்டூருக்கும் குறுமண்வெளிக்கும் இடையே ஒரு பாதை; அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் இடையே ஒரு பாதை. மண்முனைத் துறையில் ஓடிய பாதைக்கு 2014ஆம் ஆண்டில் பாலம் வந்தது. கரையில் நிற்பவர் அக்கரையிலிருந்து பாதை வரும்வரை காத்திருப்பார், வந்ததும் ஏறுவார், அக்கரையிற் போய்த் தமக்கு வேண்டியதைப் பெற்று மீள்வார்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இணையப்பக்கம் எழுதும் மொழியொன்றைப் பற்றியது. இணையமும் இவ்வாறே இரு கரை உடையது. ஒரு கரையில் நம் கையிலுள்ள தொலைபேசியோ கணினியோ இருக்கின்றது. அதில் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளை நம் பாடநூல்கள் மேலோடி என்கின்றன; தமிழ்நாட்டார் உலாவி என்பர். மறுகரையில் சேவையகம் என்னும் கணினி இரவும் பகலும் விழித்திருக்கின்றது. அது கொழும்பில் இருக்கலாம்; சிங்கப்பூரிலும் இருக்கலாம். 'இந்தப் பக்கம் வேண்டும்' என்ற கோரிக்கை இக்கரையிலிருந்து போகின்றது. பக்கம் அக்கரையிலிருந்து வருகின்றது. கோரிக்கை போய்ச் சேர்ந்ததற்கும் பக்கம் புறப்படுவதற்கும் இடைப்பட்ட கணப்பொழுதில் அக்கரையில் நிகழ்வது யாது என்பதே நாம் காணவேண்டியது.

வாவியோரத்து மீனவர் சங்கமொன்று, அன்றன்று கரைக்கு வந்த இறால், நண்டு, மணலை, கொடுவா ஆகியவற்றின் விலையை ஊரார் அறியுமாறு ஓர் இணையப்பக்கத்திற் காட்ட விரும்புகின்றது என்று வைத்துக்கொள்வோம். எச்ரிஎம்எல் என்னும் குறிமொழியால் அப்பக்கத்தை எழுதலாம். எது தலைப்பு, எது பத்தி, எது அட்டவணை என்று மேலோடிக்கு அறிவிப்பது அக்குறிமொழியின் தொழில். ஆனால் எழுதி வைத்தபடியே அது கிடக்கும். அச்சிட்ட துண்டுப்பிரசுரத்தில் நேற்றைய விலையை இன்றைய விலையாக மாற்ற முடியுமா? ஒவ்வொரு நாட் காலையிலும் ஒருவர் உட்கார்ந்து பக்கம் முழுவதையும் திறந்து எண்களைத் திருத்த வேண்டும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் ஊருக்கே பழைய விலைதான்.

இந்தத் தொல்லையைத் தீர்ப்பதற்கு எழுந்தவையே சேவையகத்தில் இயங்கும் செய்நிரல் மொழிகள். அவற்றுள் மிகப் பரவலாக வழங்குவது பிஎச்பி. சேவையகத்தில் இயங்கும் மொழி இன்னதென்று கண்டறியக்கூடிய இணையத்தளங்களுள் பத்தில் ஏழுக்கு மேற்பட்டவை இதனையே பயன்படுத்துகின்றன என்று கணக்கெடுப்போர் கூறுவர். பக்கம் முன்கூட்டியே எழுதப்பட்டிராது. அதன் சட்டகம் மாத்திரம் இருக்கும். அச்சட்டகத்தில் ஆங்காங்கே வெற்றிடம் விடப்பட்டு, 'இவ்விடத்தில் இன்றைய இறால் விலையை எடுத்து வை' என்ற கட்டளை பொறிக்கப்பட்டிருக்கும். கோரிக்கை வந்ததும் சேவையகம் அக்கட்டளைகளை நிறைவேற்றி, வெற்றிடங்களை நிரப்பி, முழுமையான பக்கத்தை அனுப்பும்.

மட்டக்களப்பிற் கூத்துப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. வடமோடியாயினும் தென்மோடியாயினும் வட்டக்களரியில் ஏட்டண்ணாவியார் என்றொருவர் ஏட்டுடன் நிற்பார். எவர் எப்போது வரவேண்டும், எந்த விருத்தம், எந்தத் தரு என்பன அவர் கையிலுள்ள ஏட்டில் இருக்கும். சபையோர் காண்பது ஆட்டத்தை, கேட்பது பாட்டை. ஏட்டை அவர்கள் வாசிப்பதில்லை. வாசிக்க வேண்டியதும் இல்லை. பிஎச்பியில் எழுதிய கட்டளைகள் அந்த ஏடு போன்றவை. அவை சேவையகத்தை விட்டு வெளியே வருவதில்லை. மேலோடியில் 'மூலத்தைக் காட்டு' என்று கேட்டாலும் நிரப்பி முடிந்த எச்ரிஎம்எல் மட்டுமே தென்படும். இது வெறும் வசதிமட்டும் அன்று. தரவுத்தளத்தின் கடவுச்சொல் போன்ற இரகசியங்கள் ஏட்டில் இருப்பதால், அது சபைக்கு வராமை மிக அவசியமாகின்றது.

இம்மொழி தோன்றிய வரலாறு சுவையானது. கிரீன்லாந்தில் 1968இற் பிறந்து கனடாவிற் கல்வி கற்ற ரஸ்மஸ் லெர்டோர்ஃப் என்பவர், 1994ஆம் ஆண்டில் தம்முடைய தொழில் விவரப் பக்கத்தை எத்தனை பேர் பார்க்கின்றனர் என்று அறிய விரும்பிச் சில சிறு கருவிகளை எழுதினார். 'தனியாள் முகப்புப் பக்கக் கருவிகள்' என்ற பொருள்பட அவற்றுக்குப் பெயரிட்டு, 1995 ஜூன் 8ஆம் நாள் யாவரும் எடுத்துக்கொள்ளுமாறு வெளியிட்டார். புதிய மொழியொன்றை ஆக்கும் எண்ணமே அவருக்கு இருக்கவில்லை. பின்னர் இஸ்ரேலில் மாணவராயிருந்த அண்டி குட்மன்ஸ், சீவ் சுராஸ்கி இருவரும் அதன் உள்ளமைப்பைப் புதிதாக எழுத, 1998இல் மூன்றாம் பதிப்பு வந்தது. 2015இல் ஏழாம் பதிப்பும் 2020இல் எட்டாம் பதிப்பும் வெளியாயின. திட்டமிட்டுக் கட்டிய மாளிகையன்று இது. குடும்பம் பெருகப் பெருக அறை சேர்த்த வீடு. ஆகவே சில கதவுகள் கோணலாகவே இருக்கும். ஒரே வகையான பணிக்கு ஒரு சார்பின் பெயர் ஒரு முறையிலும், மற்றொன்றின் பெயர் வேறு முறையிலும் அமைந்திருப்பதைக் கற்பவர் விரைவிலேயே காண்பர். பண்டிதர் சிலர் இதனை எள்ளுவதுண்டு. எனினும் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் எந்தச் சேவையகத்திலும் இது தயாராக இருந்தது. பொருள்வளம் இல்லாதவர் கைக்கு எட்டியது. இதனாலேயே இது நிலைத்தது என்பது என் கருத்து.

மீனவர் சங்கப் பக்கத்துக்கு மீள்வோம். இறாலின் விலையைச் சங்கத்துக் கணக்கர் ஒரு படிவத்தில் நிரப்பி அனுப்புகிறார். அது எங்கே தங்கும்? பிஎச்பியின் இயல்பு ஒன்றை இங்கே அறிதல் வேண்டும். ஒரு கோரிக்கைக்கு விடையளித்தவுடன் செய்நிரல் முடிந்துவிடும். தான் கண்டது கேட்டது அனைத்தையும் மறந்துவிடும். அடுத்த கோரிக்கைக்கு அது புதிதாகவே தொடங்கும். எனவே நினைவில் வைக்க வேண்டியவற்றை வேறிடத்தில் வைக்கவேண்டும். அதற்கே தரவுத்தளம். பிஎச்பியோடு பெரிதும் இணைந்து வழங்கும் தரவுத்தளம் மைஎஸ்கியூஎல். இதனை ஆக்கியோருள் ஒருவராகிய பின்லாந்து நாட்டு மைக்கேல் விடேனியஸ், தம் மூத்த மகள் 'மை'யின் பெயரை இதற்கு இட்டார். பின்னர்த் தாம் தொடங்கிய மற்றொரு தரவுத்தளத்துக்கு இளைய மகள் மரியாவின் பெயரைச் சூட்டி மரியாடிபி என்றார். பிள்ளைகளின் பெயரைத் தோணிக்கு எழுதும் வழக்கம் வாவியோரத்துக்கு மட்டும் உரியதன்று போலும்.

கணக்கர் அனுப்பிய விலை தரவுத்தளத்தில் ஒரு வரியாகப் பதிகின்றது. பார்ப்பவர் கோரிக்கை வந்ததும் செய்நிரல் அவ்வரியை எடுத்துச் சட்டகத்தில் இடுகின்றது. விலையைத் திருத்துபவருக்குப் பக்கத்தின் அமைப்புத் தெரியவேண்டியதில்லை. பக்கத்தை அமைத்தவருக்கு மீன் விலை தெரியவேண்டியதில்லை. இவ்விரு தொழிலும் பிரிந்தமையே இம்முறையின் பெரும் பயன்.

இனி உண்மையாகவே நடந்த ஒரு பணியைச் சொல்வேன். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை நேயர்கள் அறிவீர்கள். கிழக்கிலே நெருப்பிலும் நீரும் காற்றும் கொண்டுபோனவை அதிகம். 1978 நவம்பரில் வீசிய சூறாவளியும், 2004 டிசம்பர் 26ஆம் நாள் கல்லடி, நாவலடிப் பக்கங்களில் ஏறிய ஆழிப்பேரலையும் வீடுகளையே கொண்டுபோயின. வீட்டினுள் இருந்த கொப்பிகளும் ஏடுகளும் எஞ்சுமா? இந்நிலையில் 2005ஆம் ஆண்டு, இலங்கைத் தமிழர் தம் நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் பேணுவதற்கென்று 'நூலகம்' என்னும் இணைய நூலகம் தொடங்கப்பட்டது. தொண்டர்கள் நூல்களைப் பக்கம் பக்கமாக ஒளிப்படியெடுத்து ஏற்றினர்.

ஆயினும் படியெடுத்து ஏற்றிவிட்டால் மட்டும் நூலகம் ஆகிவிடாது. பல்லாயிரம் கோப்புகள் பெயரின்றிக் குவிந்து கிடந்தால் அவை இருந்தும் இல்லாதவையே. வி. சீ. கந்தையா அவர்கள் 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழக'மும், எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962இற் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மிய'மும் ஒருவருக்குத் தேவை என்றால், நூற்பெயரால் தேடினாலும், ஆசிரியர் பெயரால் தேடினாலும், ஆண்டால் தேடினாலும் அவை கைக்கு வரவேண்டும். இதற்கு நூலகத்தார் கைக்கொண்ட மென்பொருள் மீடியாவிக்கி. அது பெரும்பாலும் பிஎச்பியில் எழுதப்பட்டது. மக்னஸ் மான்ஸ்கே என்னும் ஜெர்மானிய மாணவர் எழுதிய செய்நிரலிலிருந்து 2002இல் அது உருவெடுத்தது. விக்கிப்பீடியாவுக்காக எழுதப்பட்டது, இலவசமாக எவரும் எடுத்தாளலாம் என்ற உரிமத்தோடு வெளியிடப்பட்டது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இதன்மேலேயே நடைபெறுகின்றது.

நூலகத்தில் ஒரு நூலின் பக்கத்தைத் திறந்து பார்ப்பவர்கள், ஒரே ஒழுங்கில் அமைந்த சிறு அட்டவணையொன்றைக் காண்பர். நூலக எண், ஆசிரியர், நூல் வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்று அது போகும். ஒவ்வொரு நூலுக்கும் அந்த அட்டவணையை ஒருவர் வரைந்ததாக எண்ணவேண்டா. வார்ப்புரு என்று ஒன்றை ஒருமுறை எழுதி வைத்துள்ளனர். தொண்டர் ஒருவர் 'ஆசிரியர் இன்னார், ஆண்டு இது' என்று சில வரிகளை மட்டும் எழுதுகிறார். வாசகர் கேட்கும்பொழுது பிஎச்பிச் செய்நிரல் அவ்வரிகளைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து வார்ப்புருவில் இட்டுப் பக்கமாக்கி அனுப்புகின்றது. வார்ப்புருவில் ஒரு தலைப்பைத் திருத்தினால் ஆயிரமாயிரம் பக்கங்களும் தாமே திருந்திவிடும். மேலும், ஒரு பக்கத்தில் யார், எப்போது, எதனை மாற்றினார் என்ற வரலாறு முழுவதையும் மீடியாவிக்கி அழிக்காமல் வைத்திருக்கும். பிழையான திருத்தம் நேர்ந்தால் முந்திய வடிவத்தை மீட்கலாம். எரிந்த நூலகத்துக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

ஒரு கேள்வி எழலாம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் பக்கத்தைப் புதிதாகச் சமைப்பது வீண் உழைப்பன்றோ? உண்மைதான். ஆதலால் ஒருமுறை சமைத்த பக்கத்தைச் சிறிது காலம் எடுத்து வைத்து, உள்ளே மாற்றம் நேராதவரை அதனையே பரிமாறும் ஏற்பாடும் உண்டு. காலையிற் பிசைந்த மாவை மாலைவரை வைத்துச் சுடுவது போன்றது அது.

இப்பொழுது நமக்கு மிகவும் நெருக்கமான ஒரு சிக்கலுக்கு வருகின்றேன். இதனைச் சற்று விரித்தே சொல்லவேண்டும். ஏனெனில் தமிழில் இணையப்பக்கம் எழுத முனைவோர் முதலில் இடறுவது இங்கேதான்.

'மட்டக்களப்பு' என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? ம, ட், ட, க், க, ள, ப், பு என்று எட்டு. இது முதல் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பிஎச்பியில் சொல்லின் நீளத்தைக் காணும் பழைய சார்பிடம் இச்சொல்லைக் கொடுத்தால் 36 என்று விடையளிக்கும். கணினியின் கணக்கு வேறு. ஒருங்குறி முறையில் 'ட்' என்பது ஓர் எழுத்தன்று. 'ட' ஒரு குறியீடு, அதன் தலைமேல் நிற்கும் புள்ளி மற்றொரு குறியீடு. 'பு' என்பதும் 'ப'கரமும் உகரக் குறியுமாக இரண்டு. இவ்வாறு எண்ணினால் 12 குறியீடுகள். இணையத்தில் வழங்கும் யுடிஎஃப்-8 என்னும் முறையிலே தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைற்று இடம் பிடிக்கும். 12ஐ மூன்றாற் பெருக்க 36. பழைய சார்பு எண்ணியது பைற்றுகளை. ஆங்கில எழுத்துக்கு ஒன்றுக்கு ஒரு பைற்று என்பதால் ஆங்கிலத்தார்க்கு இந்த வேறுபாடு கண்ணிற்படுவதே இல்லை.

இதனால் என்ன கேடு என்பீர்கள். ஒரு விண்ணப்பப் படிவத்தை எண்ணிப் பாருங்கள். 'பெயர் 40 எழுத்துக்கு மேற்படலாகாது' என்று எழுதியவர் விதித்துள்ளார். ஆனால் அவர் செய்நிரலில் இட்ட சார்பு பைற்றுகளை எண்ணுவது. 'சிவசுப்பிரமணியம்' என்ற பெயரிலே எழுத்துகள் பத்தே பத்து. குறியீடுகள் 16, பைற்றுகள் 48. படிவம் அப்பெயரை மறுத்துவிடும். அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 15 எழுத்து, 15 பைற்று, உடனே ஏற்றுக்கொள்ளும். தமிழில் விண்ணப்பிக்கலாம் என்று முகப்பிலே எழுதியிருக்கும். விண்ணப்பிப்பவரோ தம் பெயரையே தமிழில் எழுத இயலாமல் ஆங்கிலத்துக்குப் போவார். எவரும் அவரைத் தடுக்கவில்லை. எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஒரு சார்பின் பெயரைத் தவறித் தேர்ந்த ஒரு வரி தடுத்தது. மொழியுரிமையைப் பற்றி மேடைகளில் நாம் பேசும் பேச்சில் நூற்றில் ஒரு பங்கையேனும் இத்தகைய வரிகளைப் பார்ப்பதிற் செலவிடலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வெட்டுவதிலும் இதே தொல்லை. செய்தித் தலைப்பை முகப்பிலே சுருக்கிக் காட்டுவதற்காக முதல் பத்துப் பைற்றுகளை எடு என்று கட்டளையிட்டால், 'மட்டக்களப்பு' என்பதில் 'மட்' வரை ஒன்பது பைற்று முடிந்து, பத்தாவது பைற்று அடுத்த டகரத்தின் மூன்றில் ஒரு துண்டாக வந்து நிற்கும். அத்துண்டுக்கு உருவமில்லை, மேலோடி அவ்விடத்தில் ஒரு கேள்விக்குறியையோ கட்டத்தையோ காட்டும். பைற்றுகளை விட்டுக் குறியீடுகளை எண்ணி வெட்டும் சார்புகளும் உள்ளன. அவை துண்டு எழுத்தைத் தரமாட்டா; எனினும் 11 குறியீடு வரை வெட்டினால் உகரக் குறி போய் 'மட்டக்களப்ப' என்று நிற்கும். இரண்டு குறியீடு வரை வெட்டினால் புள்ளி போய் 'மட' என்றாகும். அது வேறொரு சொல். தமிழ் எழுத்தை எழுத்தாகவே எண்ணி எட்டு என்று விடை கூறும் சார்புகள் பிஎச்பியின் பன்மொழி நீட்சியில் உள்ளன. அவற்றைத் தேடி எடுத்துப் பயன்படுத்த வேண்டும். தாமாக வந்து நிற்கமாட்டா.

இக்குறையை அடியோடு நீக்கிச் சொற்கள் அனைத்தையும் ஒருங்குறியாகவே கையாளும்படி ஆறாம் பதிப்பை அமைக்க 2005ஆம் ஆண்டளவில் முயன்றனர். வேலை கடினமாயிற்று, நினைவிடமும் வேகமும் இழக்க நேர்ந்தது, 2010இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. அதனாலேயே பிஎச்பியில் ஐந்துக்குப் பின் ஏழு வந்தது. ஆறு என்ற எண் ஆளில்லாத வீடுபோல் இன்றும் கிடக்கின்றது.

அகரவரிசையையும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். பட்டிப்பளை, பழுகாமம், பனிச்சங்கேணி என்ற மூன்று ஊர்ப்பெயர்களை நாம் இவ்வரிசையிலேயே எழுதுவோம். டகரம், ழகரம், னகரம் என்பது நம் நெடுங்கணக்கு. கணினியை வாளா வரிசைப்படுத்தச் சொன்னால் பழுகாமத்துக்கு முன்னே பனிச்சங்கேணியை வைக்கும். ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்தபடியாக இடம்பெற்றிருப்பதே காரணம். புள்ளியும் அவ்வாறே உயிர்மெய்க் குறிகளுக்குப் பின்னால் இடம்பெற்றதால் 'மண்' என்பதற்கு முன் 'மணல்' வந்துவிடும். முன்சொன்ன பன்மொழி நீட்சியில் வரிசை ஒப்புநோக்கும் கருவி உண்டு. 'தமிழ் முறை' என்று குறிப்பிட்டுக் கேட்டால் நம் வரிசையைத் தரும். நூற்பட்டியல், வாக்காளர் பட்டியல், மாணவர் இடாப்பு ஆகியவற்றைத் தமிழில் வெளியிடுவோர் இதனை மறத்தல் ஆகாது.

பாதுகாப்பு என்ற பொருளையும் தொடாமல் விட இயலாது. காணி உறுதி எழுதும் நொத்தாரிசு, 'வாங்குபவர் பெயர்' என்று வெற்றிடம் விட்டுள்ளார். வந்தவர் பெயரை எழுதியதோடு நிற்காமல், அதனைத் தொடர்ந்து 'அயற்காணியும் இவருக்கே உரியது' என்று மேலும் ஒரு வாக்கியத்தை அவ்விடத்திலேயே எழுதிவிட்டார். நொத்தாரிசு வாசித்துப் பாராமல் முத்திரை குத்திவிட்டால் என்னாகும்? இணையப் படிவத்திலும் இது நிகழும். தேடற் பெட்டியில் நூற்பெயரை எழுதவேண்டிய ஒருவர், தரவுத்தளத்துக்கு உரிய கட்டளைத் துண்டு ஒன்றை எழுதி அனுப்புகிறார். செய்நிரலை எழுதியவர் வந்த சொல்லைத் தம் கட்டளையோடு அப்படியே ஒட்டிவிட்டால், அந்நியர் எழுதியதும் கட்டளையாகி நிறைவேறும். பட்டியல் முழுவதும் வெளியே வரலாம், அழிந்தும் போகலாம். இதற்கு மருந்து நெடுநாளாகவே உண்டு. கட்டளையை முதலில் தனியே தரவுத்தளத்திடம் ஒப்புவித்து, மதிப்புகளைப் பின்னர் வேறாக அனுப்புவது. அவ்வாறு செய்தால் வெற்றிடத்தில் வருவது எதுவாயினும் அது வெறும் பெயராகவே கொள்ளப்படும். படிவத்தில் வந்த சொல்லைத் திரும்பப் பக்கத்திற் காட்டும்போதும் அதிலுள்ள குறிமொழிக் குறிகளின் வலுவை நீக்கியே காட்டவேண்டும்.

மருந்து இருந்தும் நோய் பரவுவது ஏன்? பழைய குறிப்புகள் கைமாறிக் கைமாறி வருவதே பெருங் காரணம். தரவுத்தளத்தோடு பேசுவதற்கு முற்காலத்தில் வழங்கிய சார்புத் தொகுதியொன்று 2015இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து முற்றாக நீக்கப்பட்டது. அச்சார்புகளையே கற்பிக்கும் குறிப்புகளை இன்னும் மாணவர் கையிற் காணலாம். வைத்தியரே மாற்றிவிட்ட மருந்தைப் பழைய துண்டைக் காட்டி வாங்குவது போன்ற செயல் அது.

மாணவரைப் பற்றிச் சொன்னேன். 2017ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திட்டத்தில், இணையத்தள விருத்தி என்னும் அலகிலே பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் இடம்பெற்றன. நம் பிள்ளைகள் இவற்றைத் தமிழ்மொழி மூலமே கற்கின்றனர். மாறி, சார்பு, அணி, தரவுத்தளம் என்ற சொற்கள் இன்று ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் வாயில் இயல்பாக வருகின்றன. இது தானாக வந்ததன்று. காரைதீவிலே 1892இற் பிறந்த விபுலானந்த அடிகளார், இயற்றமிழும் இசைத்தமிழும் ஆராய்ந்தவர் என்பதோடு விஞ்ஞானப் பட்டதாரியும் ஆவார். விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியருமாவார். 1930களில் சென்னையில் நடைபெற்ற அறிவியற் கலைச்சொல்லாக்கப் பணியில் அவர் முன்னின்று உழைத்தார். வேதியியலுக்கும் பௌதிகத்துக்கும் அன்று தேடிய சொற்கள் வேறு. இன்று தேடும் சொற்கள் வேறு. ஆனால் விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்லமுடியுமா என்று கேட்டுக்கொண்டு நில்லாமல் சொல்லிப் பார்த்துவிடும் துணிவு அவர் பரம்பரையில் வந்தது.

படுவான்கரைப் பாடசாலையொன்றில் இணைய வசதி சீராக இல்லையே, அங்கே இதனை எவ்வாறு பழகுவது என்று ஆசிரியர் எவரும் கேட்கக்கூடும். இணையம் இன்றியே பழகலாம். சேவையக மென்பொருள், தரவுத்தளம், பிஎச்பி ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கட்டிய இலவசப் பொதி உண்டு. ஒருமுறை நகரத்திலே பதிவிறக்கி, விரற்பேனா அளவுள்ள நினைவுக்கோலிற் கொண்டுபோய்ப் பாடசாலைக் கணினியில் நிறுவிவிட்டால், அக்கணினியே சேவையகமாகவும் மேலோடியாகவும் இயங்கும். எழுவான்கரையும் படுவான்கரையும் ஒரே மேசையில் அமைந்துவிடும். இடையிற் பாதையும் ஓடும்.

முதற் பயிற்சியாகத் தம் ஊரையும் சுற்றியுள்ள ஊர்களையும் தரவுத்தளத்தில் இட்டு, அகரவரிசையிற் காட்டும் பக்கமொன்றை மாணவர் எழுதட்டும். பட்டிப்பளை, பழுகாமம், பனிச்சங்கேணி மூன்றையும் தவறாமற் சேர்க்கட்டும். எந்த ஊர் எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்தபின், தேடற் பெட்டியொன்று அமைத்து, அதற்கு முன்சொன்ன ஒப்புவித்தல் முறையிலேயே கட்டளை எழுதட்டும். ஒரு வார விடுமுறைக்கு இவ்வேலை போதும்.